சோதனைச் சாவடி

பன்னிரண்டு கிலோ ரேஷன் அரிசியை
நாலு பைகளாகப் பிரித்து
பாவாடை நாடாவில் சுற்றிக் கட்டிக்கொண்டு
பொதட்டூர்பேட்டையில் பஸ் ஏறி
நகரியில் இறங்கிய காலம் எனக்கு உண்டு.
சாவடியில் ஏறுகிற காக்கிச்சட்டை
என் வயிற்றைப் பார்ப்பான்.
"எத்தனை மாசம்?"
"ஆறு."
மூன்று வருஷமும் எனக்கு
ஆறாவது மாசமே நடந்தது.

அதனால்தான் டாக்டரம்மா சொன்னதும்
சட்டென்று பிடிபட்டது.
இந்த சி கிருமி தனியாக நடக்காதாம்.
ஈரல் கட்டி அனுப்புகிற கொழுப்பு உருண்டைகளில்
தார்ப்பாய்க்குக் கீழே படுத்து
ரத்தத்தில் ஊர்போகுமாம்.
காவல் நிற்கிற அணுவுக்கு
மேலே அடுக்கிய மாங்காய்க்கூடைதான் கண்ணில்படுமாம்.
மாங்காய்க்கூடை நான் சேர்த்தது.
அவருக்குப் புத்தூர்ப் பக்கம், சிரித்துவிட்டார்.

எங்கே ஏறியது என்று கேட்டார்.
தொண்ணூற்றாறு, நித்தியானந்தம் பிறந்த ராத்திரி,
இரண்டு பாட்டில் ரத்தம்.
கொடுத்தவன் யாரோ.
காசை வாங்கிக்கொண்டு
பன்னும் டீயும் தின்றுவிட்டுப் போயிருப்பான்.
அவன்மேல் எனக்கு ஒன்றுமில்லை.
அப்புறம் இருபத்தெட்டு வருஷம்
தறி ஓட்டினேன், சீட்டுக் கட்டினேன்,
மருமகளோடு பேசாமல் இருந்தேன், பேசினேன்.
கூடவே அதுவும்.

மாத்திரை பன்னிரண்டு வாரம்,
நாளுக்கு ஒன்று, காசில்லை.
"போதுமா?" என்றேன்.
"கிருமிக்குப் போதும்" என்றவர்
அளவு நாடாவை எடுத்து என் இடுப்பைச் சுற்றினார்.
தொண்ணூற்றெட்டு சென்டிமீட்டர்.
அரிசி கட்டாமலே.

மூன்று மாதச் சர்க்கரை ஒன்பது புள்ளி இரண்டு.
"ஊசிக் காலமாக இருந்தால்
இந்த இடுப்பும் இந்தச் சர்க்கரையும் சேர்ந்து
பாதி மருந்தைத் தின்றிருக்கும்."
எனக்குத் தெரியும். முதலாளி தம்பி பலராமய்யா
வாரம் ஓர் ஊசி, நாற்பத்தெட்டு வாரம் போட்டார்.
குளிர்ந்து நடுங்கினார், முடி கொட்டினார்,
ஏரிக்கரை நிலத்தை விற்றார்.
போன கிருமி ஆடி மாதம் திரும்பி வந்தது.
அவருக்கும் சர்க்கரை, அவருக்கும் தொப்பை.
இப்போது அவர் இல்லை.

"சோற்றைக் குறை."
"அப்போ சங்கடி?"
"அதுவும் மாவுதான், அளவாக."
கிருமி என்றபோது வராத அழுகை
அதற்கு வந்தது.

கரண்ட் போகும்போதெல்லாம் நடந்தேன்.
பதினாறு தறிக்கு நடுவே ஒரு சந்து,
அந்தக் கோடியில் பாவு உருளை, இந்தக் கோடியில் தண்ணீர்க்குடம்.
சத்தம் நின்ற கொட்டகையில்
என் செருப்பு மட்டும் நாடாபோல
போய்ப்போய் வந்தது.
தேசப்பன் கேட்டான், "யாரைத் தேடுற அக்கா?"

மாத்திரை முடிந்து
மேலும் பன்னிரண்டு வாரம் சும்மா இருந்து
எடுத்த ரத்தத்தில், இல்லை என்று வந்தது.
சர்க்கரை ஏழு புள்ளி ஒன்று.
ஆனால் கொழுப்பு,
முன்பைவிட நாற்பது கூட.
"இதென்ன நியாயம்?" என்றேன்.
கடத்தல்காரன் இருந்தவரைக்கும்
வண்டிகளை அவன் வைத்திருந்தான்,
இப்போது எல்லா வண்டியும் ரோட்டில் என்றார்.
சிலருக்கு இப்படி ஆகுமாம்.
ஈரலில் படிந்த கொழுப்பும்
விழுந்த தழும்பும் அவனோடு போகவில்லை.
ஆறு மாசத்துக்கு ஒரு ஸ்கேன்.
நடப்பதை நிறுத்தாதே.

போன செவ்வாய் நகரிக்குப் போனேன்,
சம்பந்தி வீட்டுக்கு.
சாவடியில் ஏறிய பையனுக்கு
மீசைகூடச் சரியாக இல்லை.
கூடையைத் தட்டிப் பார்த்தான்:
கொள்ளு, வெந்தயம், ஸ்கேன் கவர்.
"சரிம்மா" என்று அடுத்த சீட்டுக்குப் போனான்.
இன்னொரு தடவை பார்த்திருக்கலாம் என்று
எனக்கு என்னவோபோல இருந்தது.